ஒரு சைக்கிள் போற அளவுக்கு இடம்

எங்க குறிஞ்சி நகர் நாலாவது மெயின் ரோட்டுல கார்களெல்லாம் வேர் விட்டது ஆயுத பூஜை முடிஞ்சு ஐப்பசி மழை பிடிச்ச வாரத்துல. அதுக்கு முன்னாடி அந்த ரோடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லாம நேரா அங்க போனேன்னா நீங்க காரைத் திட்டிட்டுப் போயிடுவீங்க, மனுஷங்களை விட்டுடுவீங்க, அதனால முதல்ல இருந்தே வர்றேன். என் பேரு எஸ்தர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ, காலம் பூரா அடுத்தவங்க பேச்சு காதுல விழுந்தே பழகினவ, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். ரோட்டோட நடுவுல, மாடி போர்ஷன்ல குடியிருக்கேன். எனக்குக் காரும் இல்ல, சைக்கிளும் இல்ல, ஒரு பால்கனிதான் இருக்கு.

ரோட்டுக் கடைசியில முட்டுச்சந்து, அங்க ஒரு ஓட்டு வீட்டுல அமுதவல்லி இருந்தா, மருந்துக் கடையில பில் போடுறவ. அவ வீட்டுக்காரன் ஞானசேகரன் பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர், தினம் விசில் கழுத்துல தொங்க சைக்கிள்லதான் போவான். ஒருநாள் காலையில எங்க ரோட்டுல நின்ன காரோட கதவை யாரோ பின்னாடி பார்க்காம திறந்தாங்க, அவன் கதவுல மோதி நடு ரோட்டுல விழுந்தான், பின்னாடி வந்த தண்ணி லாரிக்கு பிரேக் போட நேரம் கிடைக்கலை. அப்ப அவங்க பொண்ணு நறுமுகை கைக்குழந்தைன்னு சொல்ல முடியாது, ஆனா அப்பா எங்கன்னு கேட்டா வானத்தைக் காட்டுற வயசு. அன்னையிலிருந்து அமுதா ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டா. நஷ்டஈடு கேட்கலை, கதவைத் திறந்தது யாருன்னு கூடக் கேட்கலை, "அக்கா, ஒரு சைக்கிள் போற அளவுக்கு இந்த ரோட்டுல இடம் வேணும், அவ்வளவுதான்"னு என்கிட்ட சொன்னா, கவுன்சிலர்கிட்ட சொன்னா, மனுவோட ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினா, பொண்ணு வளர்ந்து பதினொண்ணாவது வந்து அரசாங்க சைக்கிள் கைக்கு வர்ற வருஷம் வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா.

அந்த வருஷம்தான் பாதை வந்துச்சு. ரோட்டோட இடது ஓரமா பச்சை பெயின்ட் அடிச்சு, நடுநடுவுல வெள்ளையில சைக்கிள் படம் வரைஞ்சுட்டுப் போனாங்க. அன்னைக்கு சாயங்காலம் நறுமுகை புது சைக்கிள்ல அந்தப் பச்சை மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்தா, ஒவ்வொரு தடவையும் என் பால்கனிக்குக் கீழ வரும்போது மணியடிச்சு "எஸ்தர் ஆன்ட்டி!"ன்னு கத்தினா, அமுதா முட்டுச்சந்துல நின்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. நானும் அழுதேன், சொல்றதுக்கு என்ன வெட்கம்.

மறுநாளே ஏழரை ஆரம்பிச்சுது. இடது பக்க வீட்டுக்காரங்க காரை எங்க விடுறது? எங்க ரோட்டுல யாரும் வீட்டுக்குள்ள கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டலை, இருந்த இடத்துலயும் ரூம் எடுத்து வாடகைக்கு விட்டாச்சு, வாசல்ல நிறுத்துறதுதான் பிறப்புரிமை. இடம் பிடிச்சு வைக்கிறதுக்குன்னு சிமென்ட் ரொப்பின பெயின்ட் டப்பா, கால் உடைஞ்ச நாற்காலி, அம்மிக்கல். நலச் சங்கச் செயலாளர் கோதண்டபாணி சார் பழைய வெஸ்டர்ன் டாய்லெட்டையே கொண்டுவந்து அதுல குரோட்டன்ஸ் நட்டு வாசல்ல வெச்சிருந்தார். மனுஷன் கெட்டவர் இல்ல, பக்கத்து வீட்டுல காய்ச்சல்னா ராத்திரியில கூட எழுந்து ஓடுவார், ஆனா அவர் வெள்ளைக் கார் நிக்கிற இடத்தை எவனாவது பார்த்தா போதும், ருத்ரதாண்டவம்தான்.

மீட்டிங் போட்டாங்க. பாதை போட்ட ஆபீஸ்ல இருந்து என்ஜினீயர் வந்தார், டீ வந்துச்சு, சண்டை வந்துச்சு. கடைசியில ஒரு சமாதானம் பேசினாங்க: பகல்ல பச்சைப் பாதை சைக்கிளுக்கு, ராத்திரியில காருக்கு, விடிஞ்சதும் காரை எடுத்துடணும். எல்லாருக்கும் சந்தோஷம். "ஏம்மா, உனக்கும் சம்மதந்தானே?"ன்னு கோதண்டபாணி சார் கேட்டார். அமுதா என்னைப் பார்த்தா, என் பக்கத்து வீட்டு ஃபரிதா டீச்சரைப் பார்த்தா, அப்புறம் தலையை ஆட்டினா. வேற என்ன பண்ணுவா பாவம், ஒண்டிப் பொம்பளை.

கொஞ்ச நாள் ஒழுங்காத்தான் நடந்துச்சு, விடியக்காலையில தூக்கக் கலக்கத்தோட லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஆளாளுக்கு காரை எடுப்பாங்க, நறுமுகை பள்ளிக்கூடம் போற நேரத்துக்கு பாதை பளிச்சுன்னு கிடக்கும். ஆனா காலையில எடுத்த காரை சாயங்காலம் கொண்டுவந்தா அந்த இடத்துல வேற கார் நிக்கும். அதுல பகை, அதுல போலீஸ் வரைக்கும் போன பேச்சு. இப்படி ஒவ்வொருத்தர் வயித்துலயும் நெருப்பு எரியுற நேரத்துல ஆயுத பூஜை வந்துச்சு.

உங்களுக்கே தெரியும், வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வெச்சு, பூசணிக்காய் சுத்தி உடைச்சு, வண்டியை ஒரு அடியாவது நகர்த்தி அந்தப் பழத்தை நசுக்கணும், அதுதான் முறை. எங்க ரோட்டுல அன்னைக்கு ஒருத்தர் கூட நசுக்கலை. வண்டியை நகர்த்தினா இடம் போயிடும்ல. கோதண்டபாணி சார் கற்பூரத்தைக் காட்டிட்டு, "பழம் வெச்சாச்சு, அது போதும், சாமிக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்"னார். மத்தவங்களும் ஆமாம் சாமின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. லீவு நாள்தானேன்னு காருங்க பகல்லயும் பச்சை மேலயே நின்னுச்சு. அடுத்த நாள் விஜயதசமி, அதுவும் லீவு, அதுக்கடுத்து சனி ஞாயிறு, அப்புறம் மழை. நசுங்காத எலுமிச்சம்பழம் அத்தனையும் டயருக்கு முன்னாடி மழையில ஊறி, வெடிச்சு, முளைச்சுது.

மழை விட்ட காலையில கோதண்டபாணி சார் காரை எடுக்கப் போனார். என்ஜின் ஓடுது, வண்டி அசையலை. குனிஞ்சு பார்த்தா டயர்ல இருந்து கட்டைவிரல் தடிமன்ல வேர் இறங்கி, பச்சை பெயின்ட்டைப் பொளந்துக்கிட்டு தாரைப் பொளந்துக்கிட்டு உள்ள போயிருக்கு. அடுத்த கார் பார்த்தாங்க, அதுலயும் வேர். எதிர்சாரியில பார்த்தாங்க, அங்கயும். மனுஷன் இடுப்புல கையை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னார், அப்புறம் அவர் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, பொண்ணுக்கு வரன் அமைஞ்ச மாதிரி. உள்ள போய் அந்த டாய்லெட்டைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வந்தார். இனிமே எதுக்கு அது? வேர் விட்ட காரோட இடத்தை எவன் எடுப்பான்?

ரோட்டுல ஒரு வழியா நிம்மதி வந்துச்சுங்க, அதைச் சொல்லியாகணும். சண்டை நின்னுபோச்சு, சிரிச்சுப் பேசினாங்க, தீபாவளிப் பலகாரம் எதிர்வீட்டுக்கெல்லாம் போச்சு. வேலைக்குப் போறவங்க முக்கு வரைக்கும் நடந்து ஆட்டோ பிடிச்சாங்க, நடக்கிறது உடம்புக்கு நல்லதுன்னாங்க. ஃபரிதா டீச்சர் தன்னோட சிவப்புக் காருக்கு அரிசி கழுவின தண்ணியை ஊத்தினா, அது ஒரே மாசத்துல பானெட் ஓரத்துல தளிர் விட்டு, வெள்ளை வெள்ளையா பூத்து, ரோடே எலுமிச்சம்பூ வாசனை. சைடு கண்ணாடி இருக்கிற இடத்துல சின்னச் சின்னக் கண்ணாடியா கிளைச்சுது. சாயங்காலமானா ஆளாளுக்கு அவங்கவங்க கார்ல உட்கார்ந்து ஏ.சி. போட்டுக்கிட்டு டீ குடிச்சாங்க, ஒரு வீட்டு மாப்பிள்ளை மாமியாரோட மனஸ்தாபம்னு கார்லயே படுத்தார், வீட்டு புரோக்கருங்க "வேர் பிடிச்ச பார்க்கிங்கோட"ன்னு சொல்லி விலையை ஏத்தினாங்க. காருங்க வளர்ந்துச்சு வேற. சின்னக் காரெல்லாம் பெரிய காராச்சு, பெரிய காரெல்லாம் வேன் கணக்கா புடைச்சுது, நடுவுல ரோடு நாடா மாதிரி ஒடுங்கிப்போச்சு.

அமுதா ஆபீஸ் படியேறினா. கிரேன் வந்துச்சு. முதல் காரைக் கட்டி இழுத்ததும் அந்த வீட்டுச் சுவர் மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல் விட்டுச்சு, ஃபரிதா டீச்சர் சமையல்கட்டுல குழாய் நின்னுபோச்சு, வேர் அவ்வளவு தூரம் வீட்டுக்கு அடியில போயிருக்கு. விடுங்கடா சாமின்னு கிரேன் போயிடுச்சு. அப்புறம் இன்னொரு அதிகாரி வந்து தளிரைக் கிள்ளி மோந்து பார்த்துட்டு, வேர் விட்டா அது மரம், மரத்தை வெட்ட கமிட்டி அனுமதி வேணும்னார். பச்சைப் பாதை வேணும்னு கேட்ட பொம்பளைகிட்டயே, "பச்சையை வெட்டச் சொல்றியேம்மா"ன்னு சொல்லிட்டுப் போனார். நல்லா இருக்கே கதைன்னு நான் மாடியில இருந்தே கத்தினேன், அவர் நிமிர்ந்து கூடப் பார்க்கலை.

நறுமுகை இப்ப நடு ரோட்டுலதான் ஓட்டணும். ரெண்டு பக்கமும் கார் மதில் சுவர் மாதிரி நிக்க, எதிர்ல தண்ணி லாரி வந்தா ஒதுங்குறதுக்கு மொத்த ரோட்டுலயும் ஒரே ஒரு சந்துதான் இருந்துச்சு: எங்க வீட்டு வாசல். எங்க வீட்டுல யாருக்கும் கார் இல்லாததால அங்க மட்டும் ஒரு கார் நீளத்துக்குப் பச்சை பெயின்ட் மிச்சம் கிடந்துச்சு, வெள்ளை சைக்கிள் படத்தோட. லாரி ஹாரன் கேட்டதும் அந்தப் பொண்ணு விர்ருன்னு அந்த இடத்துக்குள்ள நுழைஞ்சு காலை ஊன்றி நிப்பா, லாரி உரசிக்கிட்டுப் போகும், அப்புறம் கிளம்புவா. பாதைன்னு கேட்டவளுக்கு அதான் கிடைச்சுது.

அந்த இடத்துக்கும் வெளியாளுங்க வந்தாங்க, முக்குல இருக்கிற கல்யாண மண்டபத்துக்கு வர்றவங்க, டியூஷனுக்குப் பிள்ளையை விட வர்றவங்க. நான் நாற்காலி போட்டேன், தூக்கி ஓரமா வெச்சுட்டு காரை விட்டாங்க. கல்லை வெச்சேன், புரட்டிப் போட்டாங்க. அப்பத்தான் அமுதா, பொண்ணு போற நேரமும் வர்ற நேரமும் தானே வந்து அந்தப் பச்சை மேல நிக்க ஆரம்பிச்சா. முக்கைப் பார்த்து நிப்பா, கார் எதுவும் நுழையாம கையை நீட்டித் தடுப்பா, லாரி வந்தா பின்னாடி வர்ற பொண்ணுக்குக் குரல் கொடுப்பா: "முகி, ஒதுங்கு!"

"அம்மா, நான் நடந்தே போறேன், நீ இப்படி நிக்காத, பசங்க சிரிக்கிறாங்க"ன்னா நறுமுகை.

"உங்கப்பா போன ரோடு இது. நீ சைக்கிள்ல போய் சைக்கிள்ல திரும்பி வரணும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

ஒரு நிமிஷம் அசைஞ்சா எவனாவது வண்டியைச் சொருகிடுறான்னு, வேலைக்கு லீவு சொல்லிட்டு நாள் பூரா நின்னா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நிக்கிறதுன்னு சொல்வாங்களே, அதை நான் அவகிட்டதான் பார்த்தேன். மார்கழியில ரெண்டு நாள் விடாம அடிச்சுதே ஒரு மழை, அதுலயும் நின்னா. "அடியே, மேல வாடி, ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போ"ன்னு கெஞ்சினேன். மழை விட்டதும் வர்றேன்கான்னா. மழை விட்டுச்சு, அவளால காலைத் தூக்க முடியலை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். குதிகால்ல இருந்து வெள்ளையா, மெல்லிசா, நூல் நூலா வேர் அந்தப் பச்சை பெயின்ட்டுக்குள்ள இறங்கியிருந்துச்சு.

எங்க ரோட்டுல யாரும் மூக்குல விரல் வைக்கலை. கார் வேர் விடும்போது மனுஷி விட்டா என்ன? கோதண்டபாணி சார் உண்மையிலயே மனசாரத்தான் சொன்னார், "போகட்டும்மா, உன் இடமும் உறுதியாயிடுச்சு." ஃபரிதா டீச்சர் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து ஊட்டினா. பனி விழுற நேரத்துல ஒரு பழைய கார் கவரை எடுத்துவந்து கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டாங்க. அமுதா முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "அக்கா, இனி யாராலயும் எடுக்க முடியாதுக்கா"ன்னு என்னைப் பார்த்துச் சிரிச்சா. நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். அந்தப் பொண்ணு தினம் சாயங்காலம் அம்மா காலடியில உட்கார்ந்து படிப்பா, தலைவாரி விடும்மான்னு கேட்பா, அமுதா நின்னபடியே பின்னல் போட்டுவிடுவா.

ஆனா முன்னாடி நின்ன காரும் பின்னாடி நின்ன காரும் வளர்றதை நிறுத்தலையே. மாசி மாசம் வர்றதுக்குள்ள ரெண்டும் அந்த இடத்துக்குள்ள பெருத்துக்கிட்டே வந்துச்சு, முன்பக்கத்து வண்டியோட டிக்கி ஒருபக்கம், பின்பக்கத்து வண்டியோட பம்பர் ஒருபக்கம், நடுவுல அமுதா நிக்கிற இடம் மட்டும் மிச்சம். பொண்ணு ஒதுங்குறதுக்குன்னு அவ பிடிச்சு வெச்ச இடத்துல இப்ப அவதான் இருந்தா. நான் இதைப் பார்த்தேன், அமுதாவும் பார்த்தா, ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கலை. பேசி என்ன பண்றது? அவளால நகர முடியாது.

அன்னைக்குக் காலையில பரீட்சை. நறுமுகை எழுதுற அட்டையை கேரியர்ல சொருகிக்கிட்டு முட்டுச்சந்துல இருந்து வந்தா, எப்பவும் போல மணியடிச்சா. அதே நேரம் முக்குல இருந்து தண்ணி லாரி. அமுதா குரல் கொடுத்தா, "முகி, ஒதுங்கு!" பொண்ணு பழக்கத்துல சட்டுன்னு எங்க வாசல் பக்கம் ஹேண்டில் பாரைத் திருப்பினா. திருப்பினவளுக்கு நேரா அம்மா முதுகு. அம்மா மேல மோதிடக் கூடாதுன்னு அந்தப் பிள்ளை ஹேண்டில் பாரை வெளிப்பக்கம் ஒடிச்சா. அவ்வளவுதான்.

அமுதாவால திரும்பிப் பார்க்க முடியலை. "அக்கா, என்னக்கா சத்தம்? அக்கா! முகி? என்னக்கா சத்தம்?"னு கத்திக்கிட்டே இருந்தா. நான் படியில எப்படி இறங்கினேன்னு எனக்குத் தெரியாது. லாரி ரெண்டு காருக்கு நடுவுல ஆப்பு மாதிரி மாட்டிக்கிச்சு, முன்னாடியும் போகலை பின்னாடியும் போகலை, டிரைவர் கதவைத் திறக்க முடியாம உள்ள உட்கார்ந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். பொண்ணுக்கு மூச்சு இருந்துச்சு, என் கையைப் பிடிச்சா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். கோதண்டபாணி சார் பனியனோட ஓடிவந்து, பார்த்துட்டு, தன் வெள்ளைக் கார்ல ஏறி சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடிச்சுது. மிதிச்சார். ஃபரிதா டீச்சர் தன் கார்ல ஏறினா. எதிர்வீட்டுக்காரர் ஏறினார். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ரோட்டுல இருந்த அத்தனை காரும் ஸ்டார்ட் ஆகி ஒரே நேரத்துல உறுமுது, பூவெல்லாம் உதிருது, புகை கண்ணைக் கரிக்குது, ஒரு காரும் ஒரு அங்குலம் அசையலை. அத்தனை கார் இருக்கிற ரோட்டுல ஒரு பிள்ளையை ஏத்திக்கிட்டுப் போக ஒரு வண்டி இல்லைங்க. கோதண்டபாணி சார் ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி அழுதார், "போயேன், போய்த் தொலையேன்"னு அந்தக் காரைக் கெஞ்சினார்.

கடைசியில அவர்தான் இறங்கி வந்து சைக்கிளை நிமிர்த்தினார். முன் சக்கரம் கோணியிருந்துச்சு, ஆனாலும் உருண்டுச்சு. பொண்ணைத் தூக்கி கேரியர்ல வெச்சு, நான் பின்னாடி இருந்து கட்டிப்பிடிச்சுக்க, அவர் தள்ள, அமுதாவுக்கும் லாரிக்கும் நடுவுல இருந்த இடுக்குல நுழைஞ்சு போனோம். அப்பத்தான் அமுதா பொண்ணைப் பார்த்தா. என் தோள்ல சாய்ஞ்சிருந்த முகத்தைப் பார்த்தா, அவ போட்டுவிட்ட பின்னலைப் பார்த்தா, கையை நீட்டி ஒரு தடவை தொட்டா. "ஓரமா போங்கக்கா"ன்னா. "ஓரமா, பார்த்துப் போங்க."

முக்கு திரும்புறதுக்குள்ள அந்தப் பிள்ளை என் கையை விட்டுட்டா.

அமுதாகிட்ட போய்ச் சொன்னது நான்தான். காரியமெல்லாம் அவ கண் முன்னாடியே அந்த வாசல்லதான் நடந்துச்சு, நின்ன இடத்துல இருந்தே வாய்க்கரிசி போட்டா. அதுக்கப்புறம் கோதண்டபாணி சார் சைக்கிளை எடுத்துட்டுப் போய் சக்கரத்தைக் கோணல் எடுத்து, கழுவித் துடைச்சு, தள்ளிக்கிட்டு வந்து அவ முன்னாடி நின்னார். "இங்கேயே நிறுத்துங்க சார்"னா அமுதா, "காலையில எடுத்துட்டுப் போவா." நிறுத்தினார். அந்த வருஷம் வெயில் ஏறினப்போ எங்க வாசல்ல முன்னாடி கார், பின்னாடி கார் ரெண்டும் இலை உதிர்த்து, தகரம் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமா விலகிக்கிச்சு. ஆபீஸ்ல இருந்து வந்து அந்தத் துண்டு இடத்துக்கு மட்டும் புதுசா பச்சை பெயின்ட் அடிச்சுட்டுப் போனாங்க. இப்ப அங்க யாரும் வண்டி விடுறதில்லை. விட மனசு வராது.

பள்ளிக்கூட நேரம் ஆனா அமுதா இன்னமும் கையைத் தூக்குறா. தண்ணி லாரி நிக்குது, பைக் நிக்குது, ஸ்கூல் வேன் நிக்குது, ஒருத்தரும் ஹாரன் அடிக்கிறதில்லை. முட்டுச்சந்துல இருந்து முக்கு வரைக்கும் ஒரு பொண்ணு சைக்கிள் மிதிச்சுப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எல்லாரும் காலை ஊன்றிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நிக்கிறாங்க. அப்புறம் அவ கையை இறக்குறா. பச்சைப் பாதை போட்ட நாள்ல இருந்து ஒரு சைக்கிளுக்காக எங்க ரோடு நின்னதுன்னா அது இப்பத்தான், சைக்கிள்தான் வர்றதில்லை.